கம்பி கறுத்தால்

எங்கள் பக்கத்தில் யாராவது 'மருந்து' என்று சொன்னால், எந்த மருந்து என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. டாக்டர் எழுதிக் கொடுப்பது மருந்து. வயலுக்கு அடிப்பதும் மருந்து. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது சோற்றில் வைப்பது. ஒருவனைத் தன் பேச்சுக்கு ஆட வைக்க வேண்டுமென்றால் அவன் சாப்பாட்டில் மருந்து வைத்துவிடுவார்கள் என்று தென்காசியிலும் சுற்றுவட்டாரத்திலும் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் பாதியாவது நம்புகிறார்கள். மகன் அம்மாவை விட்டுப் பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் மருந்து. பெண்டாட்டியை விட்டு அக்கா பேச்சைக் கேட்டாலும் மருந்து. வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு வாசலில் கார்கள்கூட நிற்கும்.

நான் தமிழாசிரியை. ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஜெஸி அறிவியல் ஆசிரியை, சென்னையில் வளர்ந்தவள். கணவருக்கு இங்கே பேங்க் வேலை என்பதால் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் போதும்.

போன கோடை விடுமுறையில் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், செத்தவர் வயிற்றில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யும்படி எப்படி எளிதாக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தாராம். பயிற்சி என்றால் நாங்களெல்லாம் ஒரு பையும் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு வருவோம். ஜெஸி மட்டும் நிஜமாகவே கற்றுக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் கொண்டு வந்தது ஒரு பழைய சோதனை. சந்தேகப்படும் பொருளை அமிலம் கலந்த தண்ணீரில் போட்டு, பளபளவென்று தேய்த்த செப்புக் கம்பியை அதில் விட்டுச் சூடு காட்ட வேண்டும். ஆர்சனிக் இருந்தால் கம்பியில் கறுப்பாகப் படியும். பள்ளிக்கூடத்தில் ஆர்சனிக்குக்கு எங்கே போவது? வயிற்றுப் புண்ணுக்கு மெடிக்கலில் விற்கும் மாத்திரை ஒன்றில் பிஸ்மத் என்ற உலோகம் இருக்கிறது, அதுவும் கம்பியை அதே மாதிரி கறுக்க வைக்கும் என்றாள். விஷமே இல்லாமல் விஷத்தைக் கண்டுபிடிக்கிற வித்தை. எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அதற்காக ஒரு சார்ட் எழுதினாள். கறுத்தால் ஆர்சனிக் என்று முடிவு கட்டக் கூடாது, பிஸ்மத்தும் கறுக்கும், கந்தகமும் கறுக்கும், ஒன்றுமில்லாத தண்ணீரில் இன்னொரு கம்பியைப் போட்டு ஒப்பிட வேண்டும், பெரிய ஆய்வகத்தில் மறுபடி பார்த்த பிறகே எதையும் சொல்ல வேண்டும் என்று சார்ட் முழுக்க இருந்தது. தலைமையாசிரியர் வல்லிநாயகம் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, ஒம்பதாங்கிளாஸ் பிள்ளையளுக்கு இவ்வளவு எதுக்கு? ஆபீசர் பார்வைக்கு வருதாவ. நின்னு இதப் படிச்சுக்கிட்டா இருப்பாவ? ஒத்த வரியில எழுதிப் போடும்மா."

ஜெஸி ஒற்றை வரியில் எழுதினாள். 'கம்பி கறுத்தால் விஷம்.' எதுகை கேட்காமலே மோனை வந்து உட்கார்ந்த வரி. ஒரு தடவை கேட்டால் மறக்காது. ஆபீசர் அன்றைக்கு அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாயசம் குடித்துச் செத்துப்போன ஒரு பணக்கார அண்ணாச்சி, பாயசம் கொடுத்த மூன்று பேர், மூன்று டம்ளர், எந்த டம்ளரில் கம்பி கறுக்கிறதோ அவர்தான் கொலைகாரர் என்று ஜெஸி ஒரு கதை கட்டி வகுப்பை நடத்தினாள். திருக்குறளுக்குத் தூங்கும் பயல்களெல்லாம் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். அந்த உற்சாகத்தில்தான் அவள் சொன்னாள், "அடுத்த கிளாஸுக்கு ஆளுக்கொரு மருந்து வீட்லருந்து கொஞ்சமா கொண்டு வாங்க. பூச்சி மருந்து மட்டும் யாரும் தொடவே கூடாது."

இரண்டாவது பொருளை விலக்கிவிட்டாள். மூன்றாவது பொருள் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

அடுத்த வகுப்பு நடந்தபோது எனக்கு ஓய்வு நேரம். வேடிக்கை பார்க்கலாமென்று லேபில் போய் நின்றேன். காய்ச்சல் மாத்திரை, தலைவலித் தைலம், சளி டானிக் எல்லாம் வரிசையாக வந்தன. எதற்கும் கம்பி கறுக்கவில்லை. பொன்செல்வி கடைசியாக வந்தாள். சூட்டிகையான பிள்ளை, எந்தப் பாடத்திலும் முதல் கேள்வி அவளுடையதாகத்தான் இருக்கும். அவள் அப்பா தளவாய் சீசனுக்கு ஐந்தருவிப் பக்கம் கடை போடுகிறவர். நேந்திரங்காய் சிப்ஸும் ரம்புட்டானும் விற்பார். அவள் காய்ந்த வாழைச்சருகில் பொதிந்து, நகக்கண் அளவு ஒரு கறுப்பு உருண்டை கொண்டு வந்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"மருந்து டீச்சர்."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"வயித்து வலிக்கா?"

"ஆமா டீச்சர்."

ஜெஸி ஏதோ நாட்டு வைத்தியர் கொடுத்த லேகிய உருண்டை என்று நினைத்துக்கொண்டு டம்ளரில் போட்டாள். கேட்டதிலும் தப்பில்லை, சொன்னதிலும் பொய்யில்லை. எனக்கு அந்த வாழைச்சருகைப் பார்த்ததும் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அந்த நினைப்பு நிற்கவில்லை.

கம்பி கறுத்தது. மெல்ல, நுனியிலிருந்து மேலே ஏறிக் கறுத்தது. வகுப்பே 'விஷம், விஷம்' என்று கத்தியது.

"சூப்பர் பொன்செல்வி! இன்னைக்கு உன்னோடதுதான் பெஸ்ட் ரிசல்ட்" என்றாள் ஜெஸி. எல்லோரையும் கைதட்டச் சொன்னாள்.

பொன்செல்வி சிரிக்கவில்லை. "டீச்சர், நெசமாவே விஷமா?" என்றாள்.

ஜெஸி பாயசக் கதை சொன்ன அதே துப்பறிவாளர் குரலில், "சார்ட்டுல என்ன எழுதியிருக்கு? படி" என்றாள்.

அந்தப் பிள்ளை படித்தது. மணியடித்தது. கம்பியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனது.

மறுநாள் மத்தியானம் குழாயடியில் பொன்செல்வி தன் டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அத்தனையும் புளிச்சோறு. அவளுக்குச் சோறு கட்டுவது அவள் அத்தை குழல்வாய்மொழி. 'எங்கத்த புளிச்சோறு' என்று வகுப்பு முழுக்க ஆளுக்கொரு கவளம் கொடுத்துப் பெருமையடிக்கிற பிள்ளை அது. சில நாள் எனக்கும் ஒரு கவளம் வரும்.

"ஏட்டி, என்ன சோத்தக் கொட்டுத?"

"பசிக்கல டீச்சர்."

அதற்கடுத்த நாளும் கொட்டினாள். பசியில் அவள் உதடு வெளுத்திருந்தது. எனக்கு அப்போதுதான் அந்த வாழைச்சருகு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஜெஸியிடம் சொல்ல வாயெடுத்தபோது, பொன்செல்வியின் அம்மா முத்துச்செல்வி ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு உள்ளே வந்தாள். மற்றொரு கையில் மஞ்சள் துணியில் சுற்றிய கம்பி.

"டீச்சர், நீங்க நல்லா இருக்கணும். எம்புட்டு நாளா நான் தலையால அடிச்சிக்கிடுதேன், ஒருத்தரும் நம்பல. அவுகளே நம்பல. செங்கோட்டை தாண்டி ஒரு அம்மாட்ட கூட்டிட்டுப் போனேன். வயித்துல குழல வச்சு உறிஞ்சி மருந்த எடுத்துக் கையில குடுத்தா. அப்பவும் 'சும்மா வித்த காட்டுதா'ன்னுட்டாவ. இப்பப் பள்ளிக்கூடத்துலயே டெஸ்ட் பண்ணிச் சொல்லியாச்சே! இனிம என்ன சொல்லுவாவ?"

"யார் வயித்துல? என்ன எடுத்தாங்க?" என்றாள் ஜெஸி. அவளுக்கு நான் விளக்கினேன். தளவாய் கொஞ்ச காலமாகச் சாப்பிட முடியாமல் வாந்தியெடுத்து மெலிந்துகொண்டு வருகிறார். மருந்து வைத்தது அவர் அக்கா குழல்வாய்மொழி என்று இவள் நினைக்கிறாள். பிள்ளை லேபுக்குக் கொண்டு வந்தது, வயிற்றிலிருந்து எடுத்ததாகச் சொன்ன அந்த உருண்டை. சொல்லச் சொல்ல ஜெஸியின் முகம் செத்துப்போனது.

"அம்மா, அது விஷம்னு நான் சொல்லலைம்மா. அந்த உருண்டையில முடி கிடி இருந்திருக்கும். முடியில கந்தகம் இருக்கு. அதுக்கும் கம்பி கறுக்கும்."

"முடியா?" முத்துச்செல்வி நெஞ்சில் கை வைத்தாள். "அவ தலமுடிதான் டீச்சர்! அதத்தான வச்சு உருட்டுவாளுவ."

ஜெஸி எவ்வளவோ சொன்னாள். பிஸ்மத் என்றாள், ஒப்பீடு என்றாள், ஆய்வகம் என்றாள். முத்துச்செல்வி மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஒரு டீச்சர் இவ்வளவு நேரம் தனக்காகப் பேசுவதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. போகும்போது வாசலில் நின்று, "சனிக்கெழம கடையத்துலருந்து எங்கண்ணமாரு வாராவ. மதினிட்ட கேட்டுருவாவ" என்றாள்.

மதினி என்றது குழல்வாய்மொழியைத்தான். கேட்பது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் வேறொரு வீட்டில் இதே மாதிரி ஒருத்தியிடம் கேட்டார்கள். கை ஒடிந்தது. கிணற்றில் தவறி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதன் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

நான் ஜெஸியை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். "சவத்த விடும்மா, குடும்பத் தகராறு. பள்ளிக்கூடத்துப் பேரு இதுல வரப்பிடாது" என்று முடித்துவிட்டார். போலீஸுக்குப் போவோமா என்று கேட்டேன்.

"என்னன்னுக்கா சொல்றது? அவங்க கேட்டா நான் எழுதின சார்ட்டைத்தான் காட்டணும்" என்றாள் ஜெஸி. அன்று முழுக்க அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சாயந்திரம் என்னிடம் வந்து, "நாமளே போவோம் அகிலாக்கா. விஷமே இல்லாத ஒண்ணுலயும் கம்பி கறுக்கும்னு அவங்க கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டிட்டா முடிஞ்சுபோச்சு" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

சனிக்கிழமை காலையில் போனோம். மலையில் பெரிய மழை, அருவியில் குளிக்கத் தடை, அதனால் ஐந்தருவி ரோட்டில் ஆளில்லை. தளவாய் கடையைத் திறக்கவில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே முத்துச்செல்வியின் அண்ணன்கள் இரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் பெயர் சிவனணைந்தபெருமாள், பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. எங்களைப் பார்த்ததும் இருவரும் எழுந்து கும்பிட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

குழல்வாய்மொழி பின்வாசல் தகரச் சாய்ப்பின் கீழே, சாரல் மேலே படும்படி உட்கார்ந்திருந்தாள். முத்துச்செல்வி பள்ளிக்கு வந்துபோன நாளிலிருந்து அவளை அடுக்களைக்குள் விடவில்லையாம். நான் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தாள். அழுத மாதிரி தெரியவில்லை.

தளவாய் நாற்காலியில் போர்த்திக்கொண்டு இருந்தார். "டீச்சர், எங்கம்மா சாகும்போது எனக்கு வெவரம் தெரியாது. என்ன வளத்தது அக்காதான். எனக்காகவே கல்யாணம் முடிக்கல. அவ எனக்கு வைப்பாளா? நீங்க சொல்லுங்க. நீங்க இல்லன்னு சொல்லிட்டா நான் ஒருத்தரு பேச்சையும் கேக்க மாட்டேன்" என்றார்.

பின்வாசலிலிருந்து குழல்வாய்மொழி சொன்னாள், "தம்பி சொல்லட்டும். அவன் ஒரு சொல்லு சொன்னா நான் எந்திச்சுப் போயிருதேன். வேற எவன் சொன்னாலும் இங்கனயேதான் கெடப்பேன்."

சிவனணைந்தபெருமாள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

ஜெஸி பையிலிருந்து சின்ன பாட்டிலில் அமிலமும், தேய்த்த செப்புக் கம்பியும், கண்ணாடி டம்ளரும் எடுத்து வைத்தாள். "உங்க வீட்டு முட்டை ஒண்ணு அவிச்சுக் குடுங்க. நான் வெளியிலருந்து கொண்டு வந்தா ஏதோ கலந்துட்டேன்னு நினைப்பீங்க" என்றாள். பொன்செல்வி அவித்துக் கொண்டு வந்தாள். ஜெஸி முட்டையைப் பாதியாக வெட்டி ஒரு பாதியின் மஞ்சள் கருவை டம்ளரில் கரைத்தாள். மறு பாதியைத் தட்டிலேயே வைத்தாள்.

"இப்ப நல்லாப் பாருங்க. முட்டையில விஷம் உண்டா?"

"இல்ல" என்றார்கள்.

"ஆனா கம்பி கறுக்கும். முட்டையிலயும் கந்தகம் இருக்கு. அப்ப, கறுத்தா விஷம்னு அர்த்தம் இல்ல. புரியுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தளவாய் ரொம்ப வேகமாக ஆட்டினார். டம்ளரைக் கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியில் இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். கம்பி கறுக்க வேண்டுமே என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன்.

கறுத்தது. ஜெஸி அதை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். நிம்மதியில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

முத்துச்செல்வி பொன்செல்வியைத் தோளைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முட்டையிலயுமா?" என்றாள்.

அவள் நடிக்கவில்லை. நிஜமாகவே பயந்து போயிருந்தாள்.

"கோழிக்குத் தீனி வைக்கது யாரு?" என்று கேட்டார் சிவனணைந்தபெருமாள்.

"மதினிதான். அவ வளக்க கோழிதான எல்லாம்."

"அய்யோ, நான் சொல்றது அதில்லைங்க!" ஜெஸியின் குரல் கிறீச்சிட்டது. "எந்த முட்டையா இருந்தாலும் கறுக்கும். கடைக்குப் போய் வேற முட்டை வாங்கிட்டு வாங்க."

"கட முட்ட எதுக்கு டீச்சர்?" என்றார் அவர், பொறுமையாக. "இந்த வீட்ல கட முட்டயா தின்னாவ?"

தளவாய் மட்டும் இன்னும் ஜெஸியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது. குழல்வாய்மொழி அதைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து உள்ளே வந்தாள். தட்டிலிருந்த பாதி முட்டையை எடுத்து இரண்டாகப் பிட்டு, ஒன்றைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"பாத்துக்கிடுங்க" என்றாள்.

"வச்சவள ஒண்ணும் செய்யாது" என்றார் இளைய அண்ணன். அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. இன்னொரு துண்டைப் பொன்செல்வியிடம் நீட்டினாள். "ஏட்டி, அத்த குடுக்கேன். தின்னு."

பொன்செல்வி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து அவள் அழுவது கேட்டது. குழல்வாய்மொழியின் கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு ஜெஸியின் பக்கம் திரும்பியது.

"நீங்க தின்னுங்க டீச்சர். நீங்கதான ஒண்ணுமில்லன்னு சொன்னிய."

ஜெஸி கையை நீட்டினாள். ஆனால் அதற்கு முன்னால் அவள் கண் ஒருதரம் அந்தக் கறுத்த கம்பிக்குப் போய்த் திரும்பியது. அவளைக் குறை சொல்ல நான் யார்? ஒரு வீடே நடுங்கிப் பார்க்கிற பொருளை வாயில் போட யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகும். நானாக இருந்தால் இன்னும் கூட ஆகியிருக்கும். அவள் முட்டையை வாங்கினாள், முழுவதும் தின்றாள், எல்லோருக்கும் தெரியும்படி வாயைத் திறந்தும் காட்டினாள்.

அதை யாரும் பார்க்கவில்லை. முதலில் தயங்கியதைப் பார்த்தது போதுமென்றிருந்தது அவர்களுக்கு. தளவாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அக்கா" என்றார். "நீ கெளம்பு."

குழல்வாய்மொழி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சரிப்பா" என்று சொல்லிப் பின்வாசலுக்கு நடந்தாள். நானும் ஜெஸியும் அவள் பின்னால் போக எழுந்தோம். முத்துச்செல்வியின் அண்ணன்களும் எழுந்தார்கள்.